முப்பது என்று காட்டிய பெட்டி

அந்த ஆய்வகத்துப் பேராசிரியருக்குப் பெற்றோர் வைத்த பெயர் கதவுப் பலகையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் முப்பது சார். எந்த பாக்டீரியாவானாலும் சரி, மண்ணில் கிடைத்ததோ சாக்கடையில் கிடைத்ததோ, முப்பது டிகிரியில் வை என்பார். "முப்பதுதாம்மா அதுக்குத் தாய்வீடு. உக்காந்து சாப்பிட்டுத் தளதளன்னு வளரும்." குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே பால் போலக் கலங்கியிருக்க வேண்டும். இருந்தால், தன் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கிய பூரிப்பு அவர் முகத்தில். கொஞ்சம் தெளிவாக இருந்துவிட்டதோ, போச்சு. அன்றைக்கு விடுப்புக் கேட்டு யாரும் அவர் பக்கம் போகக் கூடாது.

அவரிடம் ஏழு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வளையம். பழத்தை அழுகவைக்கும் பூஞ்சையைத் தட்டு முழுக்கத் தூவிவிட்டு, நடுவில் தன்னுடைய பாக்டீரியாவை ஒரு சொட்டு வைப்பாள். அந்த பாக்டீரியா பூஞ்சைக்கு ஆகாத ஏதோ ஒன்றைச் சுரக்கும். மூன்று நாளில் தட்டெல்லாம் பூஞ்சை பஞ்சு பஞ்சாகப் படர்ந்திருக்க, சொட்டைச் சுற்றி மட்டும் வெறிச்சென்று ஒரு வளையம் விழும். அதன் அகலத்தை அளந்து நோட்டில் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. பதினாலு மில்லிமீட்டர், பதினைந்து, மறுபடியும் பதினாலு. பூஞ்சை மருந்துக்கு இப்படி ஒரு வளையம் விழுந்தால் ஆராய்ச்சிக்காரர்கள் தலைகால் தெரியாமல் ஆடுவார்கள். முப்பது சாரும் ஆடினார். "எங்கள் கண்டுபிடிப்பு" என்று கட்டுரை போட்டார். அந்த "எங்கள்" என்பதில் முக்கால்வாசி அவர்தான்.

வீட்டில் மாமியாருக்கு மட்டும் இதில் நம்பிக்கை வரவில்லை. "ஏழு வருஷமாப் பூஞ்சைய ஒழிக்கறா. குளியலறைச் சுவர்ல இருக்கறத மொதல்ல ஒழிக்கச் சொல்லுடா" என்று மகனிடம் சொல்லுவாள். மருமகள் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகத்தான்.

வினை புதுப்பெட்டி ரூபத்தில் வந்தது. பாக்டீரியா வளர்க்கும் பெட்டி என்றால் பெரிய விஷயமில்லை. பீரோ மாதிரி இருக்கும், கதவு இருக்கும், உள்ளே தட்டுகளை அடுக்கி வேண்டிய சூட்டை வைத்துவிட்டால் அது அப்படியே காக்கும். பழைய பெட்டி அழுக்காக இருக்கிறது, வருகிறவர்கள் பார்த்தால் மானம் போகிறது என்று புதிதாக ஒன்று வாங்கினார்கள். சூடும் வைக்கும், குளிரவும் வைக்கும். ரிப்பன் கட்டினார்கள், வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். பழையதை மாடிப்படிக்கு அடியில் துடைப்பங்களோடு தள்ளினார்கள்.

அன்றிலிருந்து வளையம் விழவில்லை.

முதல் தடவை கை பிசகியிருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் தடவை தட்டு சரியில்லை என்று நினைத்தாள். பதினோரு தடவை செய்தாள். பாக்டீரியா என்னவோ புதுப்பெட்டியில் கொழுகொழுவென்று வளர்ந்தது. முப்பது சார் குடுவையைப் பார்த்து "பேஷ்" என்றார். ஆனால் பூஞ்சை அந்தச் சொட்டின் மேலேயே ஏறி, சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடந்துபோனது. போதாத குறைக்கு, கட்டுரையைப் படித்துவிட்டு அதே சோதனையை முப்பது டிகிரியில் செய்துபார்த்த வேறொரு ஆய்வகம் கடிதம் எழுதியது. ரொம்பப் பணிவான கடிதம். எங்களுக்கு ஒன்றும் விழவில்லை, உங்களுக்கு எப்படி விழுந்தது என்று தயவுசெய்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

முப்பது சார் நிறுவனத் தலைமைக்கு அன்று மதியமே ஒரு குறிப்பு அனுப்பினார். கட்டுரையில் "எங்கள் கண்டுபிடிப்பு" என்றிருந்தது குறிப்பில் "மாணவி தந்த எண்கள்" ஆகிவிட்டது. மனிதர் எவ்வளவு நைசாக விலகினார் என்றால், காற்றுகூட அடிக்கவில்லை.

விசாரணைக் குழு போட்டார்கள். பத்து நாள் அவகாசம். விளக்கம் சொல்ல முடியாவிட்டால், எண்களை அவளே இட்டுக்கட்டினாள் என்று முடிவாகும், ஆராய்ச்சிப் பதிவு ரத்து. ஏழு வருஷம் போகட்டும், அதுகூடப் பரவாயில்லை. எங்கே வேலைக்குப் போனாலும் பெயருக்குப் பக்கத்தில் பொய் என்ற சொல் கூடவே வரும். அதை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு எண்ணைக்கூட அவள் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. பதிமூன்றரை வந்தால் பதிமூன்றரை என்றுதான் எழுதுவாள், பதினாலு ஆக்க மாட்டாள்.

குழுத் தலைவர் பெரிய மனிதர். ஏழு வருஷத்துக்கு முன்பு வரை அதே ஆய்வகத்துக்கு அவர்தான் தலைவர். அவர் பதவி உயர்ந்து மேல்மாடிக்குப் போனபிறகுதான் முப்பது சார் வந்தார். நேர்மையைப் பற்றி வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் பேசுவார். நடுவில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

நாலாவது நாள் காலை, கண்ணாடிச் சாமான் கழுவும் சோப்பு அண்ணன் தொட்டியடியில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார். சாமானோடு சாமானாக இருபது வருஷம் அங்கே இருப்பவர். கையில் எப்போதும் நுரை இருப்பதால் அந்தப் பெயர்.

"இந்தப் புதுப்பெட்டி விளங்காது டாக்டரம்மா." அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. அவர் ஐந்து வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறார், பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"ஏன்ணே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சார்கிட்ட சொல்லிடாதீங்க. என் டீக்குப் பால் வச்சிருப்பேன்ல, அத அந்தப் பழைய பெட்டியில கீழ்த்தட்டுல ஒளிச்சு வைப்பேன். காலைல வச்சா சாயங்காலம்வரைக்கும் நிக்கும். புதுசுல வச்சேன், ரெண்டு மணிக்கே திரிஞ்சுபோவுது. தினமும்."

பாக்டீரியாப் பெட்டியில் பாலா என்று அவள் அதிர்ந்தது ஒரு நொடிதான். அடுத்த நொடி வேறொன்று உறைத்தது. பழைய பெட்டியும் முப்பது, புதிய பெட்டியும் முப்பது. பாலுக்கு முகப்பில் என்ன எண் எரிகிறது என்று படிக்கத் தெரியாது. ஒன்றில் நிற்கிற பால் இன்னொன்றில் ஏன் திரிகிறது?

இரண்டு பேருமாகப் பழைய பெட்டியை மாடிப்படிக்கு அடியிலிருந்து இழுத்துவந்து, அதன் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். அந்த அறையில் ஒரு பெரிய கருவி இருக்கிறது. அதற்கு வேர்க்கக் கூடாது என்று ஏசியை எந்நேரமும் பதினெட்டிலேயே வைத்திருப்பார்கள். மனிதர்கள் விறைத்தால் அது மனிதர்கள் பாடு. இழுப்பறையைத் துழாவித் தெர்மாமீட்டரை எடுத்து, அவசரமாகக் கூட்டிலிருந்து உருவிப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாள். முகப்பில் சிவப்பாக முப்பது எரிந்துகொண்டிருந்தது. தெர்மாமீட்டரில் இருபத்தொன்று.

அவள் கணவன் பிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன். மதியம் கருவிப் பையோடு வந்தான். பின்பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுல என்ன அதிசயம் இருக்கு. சூடு பாக்கற கம்பி கிளிப்புல இருந்து கழண்டு விழுந்து, ஹீட்டர் மேலயே படுத்திருக்கு. ஹீட்டர் லேசா சுட்டாலே முப்பது வந்துடுச்சுன்னு ஆஃப் பண்ணிடும். அடுப்பு மேல உக்காந்துக்கிட்டு ஊரெல்லாம் வெயில்னு சொல்ற கதைதான்."

"எப்ப விழுந்திருக்கும்?"

"தூசியப் பாத்தா வருஷக்கணக்கா ஆச்சு. யாரும் தெர்மாமீட்டர் வச்சுப் பாக்க மாட்டீங்களா?"

கம்பியைப் படம் எடுத்துக்கொண்டு, தொடாமல் அப்படியே விட்டுவிடச் சொன்னாள். தட்டுகளை எடுத்து வந்து பழைய பெட்டியில் பாதி அடுக்கினாள். புதுப்பெட்டியை இருபத்தொன்றுக்கு இறக்கி மீதியை அதில் வைத்தாள். மூன்று நாள் கழித்துத் திறந்தபோது இரண்டிலும் வளையம், பதினாலும் பதினைந்துமாக. குடுவையில் பாக்டீரியா மெலிந்துதான் இருந்தது. முப்பது சார் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார். சோப்பு அண்ணன் பார்த்துவிட்டு, "வயிறு நெறஞ்சா எவன் சண்டைக்குப் போவான்? குளுர்ல வயிறு காயறப்பதான் பக்கத்து வீட்டுக்காரன் மேல கோவம் வரும்" என்றார். அறிவியல் காரணம் அதுதானா என்பது வேறு கதை. ஆனால் ஏழு வருஷத்தில் அந்த ஆய்வகத்தில் யாரும் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எண்கள் பொய்யில்லை. பெட்டிதான் பொய். இனி அதற்கு யார் பொறுப்பு என்று காட்டினால் போதும். அதுவும் கஷ்டமில்லை, கதவிலேயே ஒட்டியிருக்கிறது: "வெப்பநிலை சரிபார்க்கப்பட்டது", தேதி, கையெழுத்து. தணிக்கைக்காரர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். அவர்கள் வருகிற அன்று காலையில் இந்த ஸ்டிக்கரை ஒட்டுவது வழக்கம். போன வருஷத் தேதிக்குக் கீழே வளைந்து நெளிந்து முப்பது சாரின் கையெழுத்து. மாட்டினார் மனிதர் என்று அவளுக்குள் ஒரு குதூகலம் பொங்கியது. குழுவிடம் காட்ட அதை அப்படியே உரித்து எடுக்கலாம் என்று நகத்தைக் கொடுத்தாள்.

ஸ்டிக்கர் மூலையிலிருந்து வந்தது. அதற்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. கையெழுத்து அவளுடையது.

அந்தக் காலை அப்படியே நினைவுக்கு வந்தது. பத்தரைக்குத் தணிக்கை. பத்து மணிக்கு முப்பது சார் ஒரு தாளை நீட்டி, "பன்னெண்டு ஸ்டிக்கர் இருக்கும்மா, மளமளன்னு ஒட்டிடு" என்றார். அவள் ஒரு கையில் டீயோடு நடந்தபடியே பன்னிரண்டிலும் கையெழுத்துப் போட்டு ஒட்டினாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. தெர்மாமீட்டரைத் தொட்டதாக நினைவில்லை. யாரும் தொட்டதில்லை. கூட்டாத குறைக்காத உத்தமி என்று ஒரு வாரமாகத் தன்னையே தட்டிக்கொடுத்துக் கொண்டிருந்தாளே, அந்தக் கைதான் இது.

வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பின்னால் முப்பது சார் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவர் வளையங்களைப் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்த்தார், உரிந்து தொங்கிய தன் ஸ்டிக்கரைப் பார்த்தார், கடைசியில் அடியில் இருந்ததைப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை வந்து, நின்று, கிளம்பிப் போனது.

"உக்காரும்மா" என்றார். குரலில் தேன். "நாம ரெண்டு பேரும் படிச்சவங்க. இத ஏன் பெரிசு பண்ணணும்? குளிர்ல வச்சா மருந்து சுரக்குது, சூட்டுல வச்சா சுரக்கல. எவ்வளவு பெரிய விஷயம் இது. குறைந்த வெப்பநிலையோட விளைவப் பாக்கணும்னே திட்டம் போட்டு இருபத்தொண்ணுல வச்சோம், கட்டுரையில முப்பதுன்னு அச்சுப்பிழை ஆயிடுச்சுன்னு எழுதிடு. நானும் அப்படியே சொல்றேன். உன் பேரும் தப்பிக்கும், ரெண்டாவது கட்டுரையும் ஆச்சு."

"திட்டம் போடலையே சார்."

"இப்பப் போட்டுக்கலாம்."

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, "பொய் சொன்னேன்னு வழக்கு. பொய் சொன்னா விட்டுடறேங்கறாங்களா? நல்ல ஆபீஸ்" என்று எழுந்து போனாள். கணவன் கருவிப் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். ஊரே நியாயம் சொல்லும்போது அவன் வாய் மூடியிருந்தால் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"என்னங்க?"

"போன மாசம் ஒரு ஆஸ்பத்திரி பிரிட்ஜுக்குச் சர்வீஸ் கார்டுல கையெழுத்துப் போட்டேன். கேஸ் அளவு பாத்தாச்சுன்னு. பாக்கல. மழை வர மாதிரி இருந்துச்சு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாளைக்குக் காலைல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

அவளுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

குழு கூடிய அறையில் நீளமான மேஜை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். அவள் இரண்டு பெட்டியின் தட்டுகளையும் வரிசையாக வைத்தாள். கணவன் எடுத்த படத்தில் ஹீட்டர் மேல் கம்பி படுத்திருந்தது. கடைசியாகப் பழைய பெட்டியின் கதவிலிருந்து மொத்தமாகப் பெயர்த்தெடுத்த ஸ்டிக்கர் கற்றையை வைத்தாள்.

"என் நோட்டுல இருக்கற எண் ஒண்ணும் பொய்யில்ல. நாங்க முப்பதுன்னு நெனச்சது இருபத்தொண்ணு. அது எங்களுக்குத் தெரியாது. தெரியாமப்போனதுக்குக் காரணம் இந்த ஸ்டிக்கர். மேல இருக்கறது சாரோடது. அடுத்தது என்னோடது. நான் பாக்காமலே போட்டேன். அன்னைக்குப் பன்னெண்டு போட்டேன், பன்னெண்டும் பாக்காமத்தான்."

முப்பது சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"பன்னிரண்டும் எதில் எதில்?" என்றார் தலைவர், மேடைக் குரலில்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். பெட்டிகள் நாலு, பிரிட்ஜ் மூன்று, வெந்நீர்த் தொட்டி இரண்டு, அடுப்பு, தராசுக்குக்கூட ஒன்று. "பதினொண்ணு வருது சார். ஒண்ணு ஞாபகம் இல்ல."

"மிகவும் வருந்தத்தக்க பழக்கம்" என்று தலைவர் ஆரம்பித்தார். நேர்மைச் சொற்பொழிவின் முதல் வாக்கியம் அது. கேட்டவர்கள் எல்லாரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும். பேசியபடியே அவர் கற்றையைக் கையில் எடுத்தார். அவள் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒன்று இருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது போலிருக்கிறது. நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்த்தார். மூன்றாவது ஸ்டிக்கர், ஏழு வருஷத்துக்கு முந்தையது. யாருடைய கையெழுத்து என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. தூக்கியதைக் கட்டைவிரலால் அழுத்தி, நன்றாக அழுத்தி, ஒட்டிவிட்டார். தண்ணீர் குடித்தார்.

கூட்டம் அடுத்த நாலு நிமிஷத்தில் முடிந்தது. எண்கள் இட்டுக்கட்டப்பட்டவை அல்ல; மாணவி மீது குற்றம் இல்லை; பழைய பெட்டியை உடனே அகற்ற வேண்டும்; ஸ்டிக்கர் விஷயத்தில், கற்றை உள்பட, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை.

மறுவாரம் புதுப்பெட்டிக்கும் ஸ்டிக்கர் வந்தது. "உனக்குத்தான் இதுல அனுபவம் அதிகம்" என்று முப்பது சார் இளித்தபடி அவளிடம் நீட்டினார். அவர் பேனாவையும் நீட்டினார். அவள் பேனாவை வாங்கவில்லை. பெட்டியை முப்பதில் வைத்து, தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார், வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு.

கதவைத் திறந்தாள். "முகப்புல முப்பது. உள்ள முப்பத்தொண்ணு. ஒண்ணு தப்பாக் காட்டுது சார். கையெழுத்துப் போட மாட்டேன்."

"புதுப்பெட்டிம்மா. கம்பெனியில மூணு தடவை சரிபார்த்து அனுப்பியிருக்கான்." அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "ஊர்ல இருக்கறதெல்லாம் தப்பு, உன் தெர்மாமீட்டர் மட்டும் சத்தியசந்தனா? அத யார் சரிபார்த்தாங்க?"

வாழ்க்கையில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. கேட்டது அவருக்கே தெரியாது, பாவம்.

அவள் தெர்மாமீட்டரின் கூட்டை எடுத்தாள். மேல்பக்கம் ஒன்றுமில்லை. திருப்பினாள். அடியில், பழுத்துப்போய், ஓரம் சுருண்டு ஒட்டியிருந்தது பன்னிரண்டாவது ஸ்டிக்கர். வெப்பநிலை சரிபார்க்கப்பட்டது. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. அவள் கையெழுத்து, டீக்கறையோடு.

முப்பது சார் எட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அண்ணே, ஒரு பாத்திரத்துல ஐஸ் தர்றீங்களா, உடைச்சு, கொஞ்சம் தண்ணி விட்டு?"

சோப்பு அண்ணன் கொண்டுவந்து வைத்தார். உருகுகிற ஐஸ் யார் கையெழுத்தும் இல்லாமலே பூஜ்யத்தில் நிற்கும். தெர்மாமீட்டரை அதில் நட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். கோடு இறங்கியது, இறங்கியது, ஒன்றில் வந்து நின்றது. தட்டிப் பார்த்தாள். கலக்கிப் பார்த்தாள். ஒன்றிலேயே நின்றது.

"பெட்டி சரியாத்தான் இருக்கு. இதுதான் ஒரு டிகிரி கூடக் காட்டுது" என்றாள்.

"அப்பாடா. போடு கையெழுத்த" என்றார் முப்பது சார்.

அவள் புதுப்பெட்டியின் ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜையில் உட்கார்ந்தாள்.

"இப்ப என்னம்மா எழுதற?"

"குழுத் தலைவருக்கு சார். அன்னைக்கு இருபத்தொண்ணுன்னு சொன்னேன். அது இருபது."

முப்பது சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "யாரும்மா அதக் கேட்டா? முடிஞ்சுபோன விஷயம். அவர் மறுபடியும் அந்த ஃபைலத் திறக்கணும்."

"ஆமா சார்" என்றாள் அவள். "திறக்கட்டும்."